மாடி ஓட்டலின் மஞ்சள் வெளிச்சம்

ரகு பெங்களூரில் ராத்திரி வேலை பார்த்தவன். சாயங்கால ரயிலில் போவான். விடிய விடிய யாரோ ஒரு அமெரிக்காக்காரனின் இன்டர்நெட் கோளாறுக்கு மன்னிப்புக் கேட்பான். காலை ரயிலில் கோலார் தங்க வயலில் இருக்கும் ஊரிகத்துக்குத் திரும்புவான். ஒரு நாள் அப்படித் திரும்பும்போது தூங்கிப்போய், கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் வரை போய்விட்டான். அங்கே இறங்கியவன் கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றித் தண்டவாளத்தில் வீசினான். "இனிமே செத்தாலும் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னான். பிளாட்பாரத்தில் அதைக் கேட்க ஒரு நாய் மட்டும் இருந்தது.

சபதம் போடுவது சுலபம். அதை மாமனாரிடம் சொல்வதுதான் கஷ்டம்.

மாமனார் துளசிராமனுக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக் கடை. ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிடங்கு, அதன் மேலே காலியாக ஒரு மாடி. போதாததற்கு ஒயிட்ஃபீல்டில் வாங்கிப் போட்டு, எவனும் வாடகைக்கு வராமல் பூட்டிக் கிடக்கும் ஒரு கடை. அதன் பேரை எடுத்தாலே அவருக்கு வயிறு எரியும். மாடியில் ஓட்டல் வைக்கிறேன் என்று ரகு சொன்னதும், வண்டு விழுந்த பருப்பைப் பார்ப்பதுபோல் மருமகனைப் பார்த்தார்.

"வைங்க மாப்பிள்ளை. தீபாவளி வரைக்கும் நான் அந்தப் படி ஏற மாட்டேன். அப்ப வந்து பார்ப்பேன். கூட்டம் இருந்தா நடத்துங்க. இல்லன்னா என் கடையில வந்து பருப்பு நிறுங்க. அதுவும் கசக்குதுன்னா இருக்கவே இருக்கு ரயிலு."

மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து பருப்பு நிறுப்பதை நினைத்துப் பார்த்தான் ரகு. ஓட்டல் ஜெயித்தே ஆக வேண்டும்.

அதற்காகத்தான் ஆஷ்லியைப் பிடித்தான். நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்து, பெங்களூரில் இன்டீரியர் படித்து, ஓட்டல்களுக்கும் பார்களுக்கும் லைட் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் பெண். மாடிக்கு வந்தாள். சுவரில் இருந்த நாலு ட்யூப்லைட்டையும் பார்த்து, பிணத்தைப் பார்த்ததுபோல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, இது ஓட்டலா, ரேஷன் கடையா? வெளிச்சம்னா எல்லாத்தையும் காட்டறது இல்ல. எதை மறைக்கணும்னு தெரியறது. தட்டு மேல மட்டும் லைட் விழணும். முகத்துல நெழலு. முகம் மறைஞ்சா மனசு தெறக்கும். சுவத்துக்குக் கீழேர்ந்து லேசா மஞ்சள். குரல் தானா எறங்கும். ஜனங்க நிதானமா உக்காருவாங்க. உக்காந்தா ஆர்டர் பண்ணுவாங்க. சக்கத்தா, சூப்பரா இருக்கும் பாருங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெங்களூரில் காலை ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவனுக்கு அது அப்படியே பலிக்கும். கோலார் தங்க வயலில் ஜனங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. தெரிந்த ரகுவும் சொல்லவில்லை.

கூட்டிப் பெருக்க வரும் கங்கம்மா தரை தெரியவில்லை என்று சண்டை போட்டதால், ட்யூப்லைட்டுகளை எடுக்காமல் சமையலறைப் பக்கம் ஒரே சுவிட்சில் இணைத்து வைத்தார்கள். "கடை தொறந்திருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீங்கண்ணா, என் மேல ஆணை" என்றாள் ஆஷ்லி.

திறந்த அன்றே பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் மாடி ஏறியது. முதல் ஆளாக வந்தவன் டக்ளஸ். ரகுவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஊரே தூங்கும்போது எழுந்து ரயிலேறிப் போய், ஊரே சாப்பிட்டு முடிக்கும்போது திரும்புகிறவன்.

"இன்னா மச்சி, கரன்ட் பில்லு கட்டலியா?" என்று கேட்டபடி சோபாவில் சாய்ந்தான்.

"இதான்டா அட்மாஸ்பியர்."

"எங்க அப்பா சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கிப் போவாரே, அங்க கூட இதவிட வெளிச்சமா இருந்துதுன்னு சொல்லுவாரு" என்று சொல்லிக்கொண்டே மெனு கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இன்னும் பக்கத்தில். பிறகு மெனு கார்டு முகத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. அதற்கடியிலிருந்து குறட்டை வந்தது.

ரகு திரும்பிப் பார்த்தான். அடுத்த மேஜையில் ஒருத்தர் பேக்கைக் கட்டிப்பிடித்தபடி தூங்கினார். அதற்கடுத்ததில் கணவன் மனைவியின் தோளிலும் மனைவி சுவரிலும் சாய்ந்து தூங்கினார்கள். ஜன்னலோரம் நாலு பேர் வட்டமாகத் தலை கவிழ்ந்திருந்தார்கள், ஜெபம் செய்கிறார்களோ என்று நினைக்கும்படி. ஒவ்வொருவர் முன்னாலும் வெள்ளைத் தட்டு, அதன்மேல் மட்டும் அழகான, துல்லியமான மஞ்சள் வெளிச்சம்.

சமையல்காரர் சகாயம் எட்டிப் பார்த்தார். "இன்னா ரகு, பிரியாணி எறக்கலாமா, தாலாட்டு பாடலாமா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி வாணி காலிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மூடினாள். மாமனாரின் மகள் கல்லாவை மூடும் சத்தத்துக்கு அர்த்தம் உண்டு.

ஆஷ்லிக்கு போன் போட்டான். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். "ரெண்டு மணி நேரமா எழுந்திருக்கலியா? அண்ணா, பெங்களூர்ல முக்கா மணி நேரம் உக்கார வைக்கவே தலகீழா நிக்கறாங்க!"

"தூங்கறாங்கம்மா."

"அது கம்ஃபர்ட்டுண்ணா."

வாரம் போகப் போகக் கூட்டம் கூடியது. இடம் கிடைக்காதவர்கள் படியில் காத்திருந்தார்கள். நெட்டில் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒருவன் எழுதியிருந்தான்: 'அருமையான இடம். குடும்பத்தோடு தூங்கலாம். சாப்பாடு எப்படி என்று தெரியாது.' சகாயம் பிரியாணியைத் தானும் தின்று, தெரு நாய்களுக்கும் போட்டு, இரண்டு தரப்பையும் கொழுக்க வைத்தார்.

ரகுவுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். ராத்திரி வேலையில் தன்னை விழிக்க வைத்திருந்தது சம்பளமோ பொறுப்போ அல்ல, தலைக்கு மேல் எரிந்த கொடூரமான வெள்ளை லைட்தான். அதை அணைத்திருந்தால் அமெரிக்காவே இன்டர்நெட் இல்லாமல் கிடந்திருக்கும்.

ஒரு ராத்திரி சமையலறையில் கரப்பான் பூச்சியைத் துரத்திய சகாயம், கை தவறி அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டார். நாலு ட்யூப்லைட்டும் படபடவென்று எரிந்தன. அடுத்த நொடி மொத்த ஓட்டலும் எழுந்து நின்றது. பேக் தோளுக்குப் போனது. செருப்புக்குள் கால் போனது. ஒருவர் பின் ஒருவராகக் கதவுப் பக்கம் வரிசை கட்டினார்கள்.

"ஊரிகமா?"

"கோரமண்டலே இப்பத்தான போச்சு?"

"தள்ளுங்க சார், எறங்கணும்!"

இறங்கிப் போய்விட்டார்கள். டக்ளஸ் மட்டும் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, "அய்ய, உன் கடையா மச்சி?" என்றான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மாமனார் அன்று ராத்திரி வருவதாகச் சொல்லி அனுப்பினார். ரகு திட்டம் போட்டான். ரயில் கூட்டம் வந்து தூங்கட்டும். மாமனார் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளை லைட்டைப் போட்டு எழுப்பி, ஆளுக்கொரு தட்டு பிரியாணியைக் கையில் திணித்துவிட வேண்டும். ஓசி பிரியாணியை எந்த ரயிலுக்காகவும் யாரும் விட மாட்டார்கள் என்று நம்பினான்.

அவரோ சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் ரகு பதறி ஓடிச் சுவிட்சைத் தட்டினான். கூட்டம் எழுந்தது. பிரியாணித் தட்டோடு குறுக்கே வந்த சகாயத்தைச் சமையலறைக்குள்ளேயே இடித்துத் தள்ளிவிட்டுப் படியில் இறங்கியது. துளசிராமன் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அத்தனை பேருக்கும் வழி விட்டார்.

அவர் மாடிக்கு வந்தபோது ஓட்டலில் ஒரு ஆள்கூட இல்லை. ரகு கண்ணை மூடிக்கொண்டான். பருப்பின் வாசனை வந்தது.

"இன்னா கூட்டம் மாப்பிள்ளை!"

ரகு கண்ணைத் திறந்தான். மாமனாரின் முகம் மலர்ந்திருந்தது.

"படியில எறங்கறவன் ஒவ்வொருத்தனும் வாயைத் தொடச்சிக்கினே போறான். கண்ணெல்லாம் சொக்கிப் போயிருக்கு. நல்லா தின்னாதான் அப்படிச் சொக்கும்." மேஜைகளைச் சுற்றி வந்து ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு பருக்கை இல்ல! வழிச்சிட்டான்! கை வைக்கிற இடம் கூட அழுக்காவலியே, என்னம்மா வாணி?"

வாணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆமாப்பா. தட்டைக் கழுவற வேலையே எங்களுக்கு இல்ல" என்றாள்.

"மாப்பிள்ளை, தப்பா நெனச்சிட்டேன் உங்கள. ஒயிட்ஃபீல்டு கடை சும்மா கெடக்குதே, அதையும் எடுத்துக்கங்க. அந்தப் பொண்ணையே லைட்டு போடச் சொல்லுங்க. இந்த மாடிய வாணி பார்த்துக்கட்டும். நீங்க தெனம் காலையில ட்ரெயின்ல போய்ட்டு நைட்டு வந்துடுங்க."

ரகு மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானை இன்னும் வாயில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் பருப்பு. சொல்லாவிட்டால் ரயில். மாமனார் எவர்சில்வர் தூக்கைத் திறந்து, "அதிரசம், சாப்பிடுங்க" என்று நீட்டினார். ரயிலில் மாமனார் இருக்க மாட்டார் என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சரிங்க மாமா" என்றான்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, இருட்டோடு இருட்டாக ஊரிகத்தில் ரயிலேறினான். பெட்டி முழுக்க அவனுடைய வாடிக்கையாளர்கள். ஒரு ஆள்கூடத் தூங்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளை லைட் எரிய, எல்லோரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டக்ளஸ் நகர்ந்து இடம் விட்டான்.

"வா மச்சி, உக்காரு. இன்னாபா ரயில்வேக்காரன் லைட்டு போட்டிருக்கான், கண்ணே மூட முடியல. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி, இங்கயும் உன் கடை மாதிரி போட்டுக் குடுக்கச் சொல்லேன்."