பேராசிரியைக்கு வைத்த தேர்வு

பேராசிரியை எனக்கு ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எங்களுக்கு ஏழாம் பொருத்தம். ஆனால் வேலையில் ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஓடாது. அவர் பல்கலைக்கழகத்தில் சிறுவர் இலக்கியம் நடத்துகிறார். அதே வளாகத்தில் மழலையர் வகுப்பு என் பொறுப்பு. அவருடைய மாணவர்களுக்குத் தேர்வு வைப்பவர்கள் என் வாண்டுகள்தான்.

மாணவர் தானே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து வாசிக்க வேண்டும். பக்கத்து அறையில் விளையாட்டுச் சாமான்கள், கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் எழுந்து போய்விட்டால் அந்த மாணவர் தேறவில்லை. நான் பிள்ளைகளைக் கண்ணால் மிரட்டக் கூடாது. எத்தனையோ மாணவர்கள் அழுதும் அக்கா இந்த விதியைத் தளர்த்தியதே இல்லை.

புதிதாக வந்த துறைத்தலைவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "பொம்மைக் கதைக்கு எதுக்குப் பேராசிரியர்? உங்க தேர்வுல நீங்களே தேறிக் காட்டுங்க. இல்லைன்னா பாடத்தை மூடிடலாம்" என்றார். அக்கா சரியென்று சொல்லிவிட்டார்.

அவர் எடுத்துவந்தது, பறந்துபோன குஞ்சுக்காகக் காத்திருக்கும் தாய் நாரையின் கதை. ஒவ்வொரு வருஷமும் தன் மாணவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் வாசிக்கும் கதை. கேட்ட மாணவர்கள் கண்ணைத் துடைக்காமல் போனதில்லை.

சுவரோரம் துறைத்தலைவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்தார்கள். அக்கா வாசித்தார். நல்ல குரல், நிதானம். இரண்டாம் பக்கத்தில் ஒருத்தன் கொட்டாவி விட்டான். மூன்றாம் பக்கத்தில் இருவர் நழுவினார்கள். விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து கட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், மளமளவென்று எழ ஆரம்பித்தார்கள்.

சரிபாதி மிச்சம். இன்னும் ஒரு பிள்ளை போனால் பாடம் போய்விடும். குண்டூசி என்று நான் கூப்பிடும் வாலு பாதி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் ஒரு முறை முறைத்தால் போதும், பெட்டிப்பாம்பாக உட்காருவாள். அக்கா புத்தகத்திலிருந்து தலை தூக்கினார். வேண்டாம் என்றது அந்தப் பார்வை. பாவி மனுஷி! நான் தலையைக் குனிந்துகொண்டேன். குண்டூசி ஓடிப்போனாள்.

அக்கா மிச்சமிருந்த பிள்ளைகளுக்குக் கதையை முடித்துவிட்டு, "நான் தேறலை" என்றார்.

"அப்போ முடிவு தெளிவாயிடுச்சு. இந்த வருஷத்தோட மூடிடறோம்" என்றார் துறைத்தலைவர். அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அக்காவைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டேன். "ஒரு பார்வை போதும்க்கா, ஒரே ஒரு பார்வை! ஏன்க்கா தடுத்தீங்க?"

"அப்புறம் எந்த மூஞ்சியோட அடுத்தவங்களைத் தேறலைன்னு சொல்றது?" என்றவர், நேரே தன் வகுப்புக்குப் போனார். விடாமல் நானும் பின்னால் போனேன்.

நடந்ததை மாணவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். "பிள்ளைங்க ஏன் எழுந்து போனாங்க? எனக்குப் புரியலை. சொல்லுங்க."

ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். "கதை முழுக்க அம்மா காத்துக்கிட்டே இருக்கு மேடம். குஞ்சு எங்கே போச்சு, என்ன பண்ணுச்சுன்னு ஒரு வரிகூட இல்லை. பிள்ளைங்களுக்கு அதுதானே வேணும்?"

என் முன்னால் ஒருநாளும் அழாத அக்கா அழுதார்.

"இத்தனை வருஷமா எனக்குத் தோணலையே" என்றார். "நீ தேறிட்டேம்மா."