ரூட்டுக்கு வந்த கடிதங்கள்

நாளைக் காலையில் கப்பல் ஏற வேண்டும். எட்டு மாதம். பாதி அடுக்கிய பெட்டி கட்டிலில் திறந்து கிடக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தான் 'பூட்டு'. கப்பலில் அவன் எலக்ட்ரீஷியன். தான் தொட்டதை இன்னொருத்தர் தொட்டுவிடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் அது. வீட்டுக் கணினியிலும் அதே சட்டம்தான். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் மனைவி நாள் முழுக்க அதில்தான் வேலை பார்க்கிறாள். ஆனால் எதையும் மாற்றும் உரிமை ரூட் என்ற கணக்குக்கு மட்டும். அதன் கடவுச்சொல் இவனுக்கு மட்டும். போன பயணத்தின்போது பிரிண்டர் மக்கர் பண்ணி, மூன்று வாரம் அவள் வெளியே போய் அச்செடுத்து வந்தாள். இந்தத் தடவை ரூட்டின் உரிமை உள்ளவர்கள் பட்டியலில் அவள் பேரையும் சேர்த்துவிட்டுப் போவதென்று ஐயா பெரிய மனசு பண்ணியிருந்தார்.

ஜன்னல் திரை ஊதி ஊதி அடங்கியது. புறப்படுவதற்கு முந்தின நாள் எப்போதும் அவனுக்கு இப்படித்தான், காலுக்குக் கீழே தரை மெல்ல ஆடத் தொடங்கிவிடும். அந்த அரைத்தூக்கத்திலேயே கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் ரூட்டாக நுழைந்தான். 'உங்களுக்குத் தபால் வந்திருக்கிறது' என்றது ஒரு வரி. வருஷக்கணக்காக வருகிற வரிதான். நமக்கு யார் எழுதப்போகிறார்கள் என்று அவன் சட்டை செய்ததில்லை. இன்று என்னவோ திறந்தான்.

இருநூற்றுப் பதினேழு கடிதங்கள். அத்தனையும் கணினியே எழுதியவை. அனுமதி இல்லாதவர் ரூட்டின் உரிமையைக் கேட்டுக் கட்டளை அடித்தால் அது மறுத்துவிடும். மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று மிரட்டவும் செய்யும். அந்த மேலிடம் இவன்தான். ஒவ்வொரு கடிதத்திலும் தேதி, நேரம், அவள் பேர், அவள் அடித்த கட்டளை. தன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றிருக்கிறாள். பின்தங்கிய கடிகாரத்தைச் சரிசெய்ய. அகராதி ஒன்றை நிறுவ. கண்ணாடி போட ஆரம்பித்த மாதத்தில், தெளிவான எழுத்துரு ஒன்றைச் சேர்க்க, ஒரே காலையில் ஒன்பது தடவை. ஒன்றுக்கும் அவனிடம் வாய் திறந்ததில்லை.

கடைசிக் கடிதம் இரண்டு வருஷத்துக்கு முந்தையது, அவன் நடுக்கடலில் இருந்த ஒரு மதியம். யாரும் தவறி அழித்துவிடக் கூடாதென்று அவன் பூட்டி வைத்த கல்யாணப் படங்களைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பிரிண்டர் கெட்ட மூன்று வாரத்தில்கூட ஒரு கடிதம் இல்லை. இவள் இன்னும் எதையெல்லாம் கேட்காமல் விட்டுவிட்டாள்?

அவள் பேரைச் சேர்த்துவிட்டுக் கூப்பிட்டான். மடித்த சட்டைகளோடு வந்தாள்.

"உனக்கு முழு உரிமை குடுத்துட்டேன். உக்காந்து பாரு."

"எனக்கு எதுக்குங்க? இல்லாமலே பழகிப்போச்சு."

"நம்ம கல்யாணப் படத்தப் பாக்கணும்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் திரையைப் பார்த்தாள். அடுக்கடுக்காகத் தன் பேர். வெகுநேரம் படித்தாள்.

"என் கல்யாணத்த நான் பாக்கறதுக்கு உங்க அனுமதியா?" என்றாள். கோபமில்லை; அதுதான் அவனைக் கொன்றது.

சட்டைகளை அவன் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கணக்கில் நுழைந்தாள். படங்களின் பூட்டைத் திறக்கும் கட்டளையை, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தாள். திரை அடுத்த வரிக்கு இறங்கி, கம்மென்று நின்றது.

"ஒண்ணுமே சொல்லலியே?"

"ஒண்ணும் சொல்லலேன்னா நடந்துடுச்சுன்னு அர்த்தம்."

"ஓஹோ" என்றாள். வெற்று வரியில் துடிக்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளின் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. "கதவச் சாத்திட்டுப் போங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

நடையில் சட்டைகளோடு நின்றான். உள்ளே விசைகள் ஒவ்வொன்றாய் விழுந்தன, பிறகு மளமளவென்று. என்ன மாற்றுகிறாள் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தான், பிடிபடவில்லை. நடுவில் ஒரு சிரிப்பு கேட்டது, அவன் எந்தக் காலத்திலும் கேட்டிராத சிரிப்பு. தரை ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன், தட்டலாமா கூடாதா என்று தெரியாமல், தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.