மௌனத்துக்கு அப்புறம் ஒரு அடி

ஐந்து புதிய இசைப் படைப்புகள். ஐந்தும் உலகிலேயே முதன்முறையாக, அதுவும் கிழக்குத் தாம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில். கடைசியில் இருந்தது அனந்தகிருஷ்ணனின் 'செம்பாக்கம் ஏரி: நீர் கேட்கும் வினா'. வியன்னாவில் படித்தவர் அவர். படைப்புக்கு அவர் எழுதிய விளக்கக் குறிப்பு ஏரியைவிடப் பெரிது.

அதில் கிறிஸ்டினாவுக்கு ஒரே ஒரு அடி. சர்ச் பாடகர் குழுவில் தாளம் வாசிப்பவள் அவள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் ஒரு முக்கோணக் கம்பியை அவளிடம் கொடுத்திருந்தார். "எல்லாரும் வாசிச்சு முடிச்சதும் முழு மௌனம். நீளமான மௌனம். அப்புறம் குழுவை நடத்துற பிரசன்னா கையை இறக்குவார். அப்போ ஒரு டிங். அதுதாம்மா அந்த வினா!"

ஒத்திகையில் ஒருநாளும் அதுவரை போனதில்லை. வினா வருவதற்குள் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்துவிடுவார். அத்தனை மௌனத்துக்கு அப்புறம் அந்த ஓசை எப்படித்தான் இருக்கும்? எழுதியவருக்கே தெரியாது. அதைக் கேட்டுவிடத்தான் கிறிஸ்டினா கம்பியும் கையுமாகக் காத்திருந்தாள்.

இடைவேளையில் அவள் அம்மா பேபி மேடையோரம் வந்தாள். பெரும்பாக்கத்திலிருந்து அக்கம்பக்கத்தாரை ஒரு வேனில் ஏற்றிவந்திருந்தாள்.

"இன்னாடி, அல்லாரும் இழுத்துகினு கீறாங்கோ, நீ மட்டும் சும்மா குந்திகினு கீறே? பக்கத்து வூட்டு ஜெயக்கொடி கேக்குறா, உம் பொண்ணு கம்பிக்குக் காவலான்னு."

"கடைசில வருதும்மா. ஒரே ஒரு அடி."

"ஒண்ணா? வேன் வச்சு இட்டாந்துகீறேன்டி! நல்லா ஓங்கி அடி."

ஏரி தொடங்கியது. வயலின்கள் கீச்சிட்டன. செல்லோக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு செல்லோவைத் தட்டினார். முன்வரிசை, புரிந்தவர்கள் வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டது. பிறகு பிரசன்னா வலக்கையை உயர்த்தினார். எல்லாம் அடங்கியது.

கிறிஸ்டினா மூச்சைப் பிடித்தாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அடுத்து மைக் சத்தம் கேட்டது.

"இந்த அற்புதமான படைப்புக்கு நன்றி! பிரசன்னா சாருக்குப் பொன்னாடை போர்த்தி, நமது சங்கத் தலைவர் சுந்தரராமன் ஐயா வாழ்த்துரை வழங்குவார்!"

தொகுப்பாளினியைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் மேடை ஓய்ந்தால் பொன்னாடை வந்துவிடும்.

கையை உயர்த்தியபடியே நின்ற பிரசன்னாவுக்குச் சுந்தரராமன் பொன்னாடை போர்த்தினார். மேடைப் பக்கவாட்டில் அனந்தகிருஷ்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். வாழ்த்துரை யாழில் தொடங்கி, ஏரிக்கு வந்து, அங்கிருந்து பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியது. பிரசன்னாவின் கை மட்டும் இறங்கவில்லை. ஐந்தாம் வரிசையிலிருந்து பேபி விரலை ஆட்டிக் கேட்டாள்: எப்போ?

"ஆகவே, என் இளமைக் காலத்தில்..." என்று சுந்தரராமன் புதிதாக ஆரம்பித்தபோது பொன்னாடை நழுவியது. அதைப் பிடிக்கப் பிரசன்னா கையை இறக்கினார்.

சைகை சைகைதான். கிறிஸ்டினா அடித்தாள்.

டிங்!

சுந்தரராமன் பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் வளர்ந்தவர். மணி அடித்தால் நேரம் முடிந்தது. "...நேரமின்மை காரணமாக இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்" என்று தன்னையறியாமல் சொல்லி மைக்கை வைத்துவிட்டார்.

மண்டபமே வாயடைத்துப்போனது. அந்த அமைதியில் ஓசை மெலிந்துகொண்டே இருந்தது. இதோ போய்விட்டது என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. மௌனம் முன்னால் வராமல் பின்னால் வந்தால் என்ன, கிறிஸ்டினா கடைசி இழைவரை கேட்டாள்.

அப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல்! முந்தைய நான்கு படைப்புக்கும் சேர்த்து அப்படி விழவில்லை. பேபி நாற்காலிமேல் ஏறி நின்று, "எம் பொண்ணு!" என்று கூவினாள்.

கிறிஸ்டினா மேடையைவிட்டு இறங்கியதும் சுந்தரராமனின் மனைவி காமு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்மா!" கணவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கம்பி எந்தக் கடையில கிடைக்கும்? வீட்டுக்கு ஒண்ணு வேணும்."