‘சாப்பிடு’ என்று எழுதியிருந்த வீடு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது நடுநடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், தூரத்தில் இருந்தால் பாதி உங்கள் காதில் விழாது. ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு தீக்குச்சி, ஒரு பெரிய தட்டு. அவ்வளவுதான் கதை.

அமெரிக்கக் கடலோரத்தில் கிரேக்கர்கள் குடியேறிய எங்கள் தார்ப்பன் ஸ்பிரிங்ஸுக்குப் பந்தெலிஸ் இருபது வயதில் வந்தான். கிரேக்க நாட்டுக் கலிம்னோஸ் தீவிலிருந்து கடல்பஞ்சு எடுக்க வந்தவன். அவன் மனைவி அர்கிரோ இங்கேயே பிறந்தவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவர்கள் மகன் யாக்கோவை ஞானஸ்நானத்தன்று கையில் ஏந்தியவள் நான். அதனால் அவனுக்கு நான் நூனா, அவர்கள் இருவருக்கும் கும்பாரா. எங்கள் வழக்கத்தில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். சண்டை வந்தால் பஞ்சாயத்தும் என் சமையலறையில்தான்.

அந்த வசந்தத்தில் வந்தது பெரிய சண்டை. யாக்கோவுக்கு ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மே மாதம் முதல் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அர்கிரோ பேனாவைத் தொடவே மாட்டேன் என்றாள். காரணம், கல்லூரிக் கடிதத்தில் இருந்த ஒரே ஒரு வரி: ‘எங்கள் வளாகத்தில் கிரேக்க வாழ்க்கை மிகத் துடிப்பானது.’

“எம் பிள்ளைக்குக் கிரேக்க வாழ்க்கை வேண்டாம், கும்பாரா,” என்றாள் அர்கிரோ. “அதுல சேர்ந்து செத்தவங்க இருக்காங்க.”

“கேட்டியா, கும்பாரா?” என்றான் பந்தெலிஸ். “எங்கப்பன் எம்பத்தெட்டு வருஷம் கிரேக்க வாழ்க்கைதான் வாழ்ந்தான். செத்தது அத்திமரத்துலேர்ந்து விழுந்து.”

“நான் பேப்பர்ல படிச்சேன்யா.”

“உங்கப்பன் யாரு, ஸ்வீடன்காரனா? நீ கட்டுனது ஒரு கிரேக்கனத்தான?”

அர்கிரோ அவனை ஒரு பார்வை பார்த்தாள். “அதான் எனக்கும் புரியல,” என்றாள்.

மூன்று வாரம் அவன் அவள் வைத்த சூப்பைத் தொடவில்லை. என் வீட்டில் வந்து குடித்தான். அர்கிரோ எதைச் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியாது. பாவம், அர்கிரோவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி கூட ஏற்றி வைத்தேன்.

கடைசியில், கல்லூரியை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று நால்வரும் காரில் கிளம்பினோம். என் மடியில் மக்ரோனியும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட பாஸ்திட்சியோ, ஒரு கதவு அகலத்துக்கு. நம்மவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று பந்தெலிஸ் பிடித்த பிடி அது.

ஜார்ஜியா எல்லை தாண்டியதும், “நம்ம கோயில் காலேஜிலேர்ந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டான்.

“எந்தக் கோயில்?” என்றாள் அர்கிரோ.

“கிரேக்க வாழ்க்கை துடிப்பா இருக்கற எடத்துல கோயில் இல்லாமலா?”

பின்னால் என் பக்கத்தில் இருந்த யாக்கோவ் மெதுவாகச் சொன்னான். “அப்பா, அங்க கிரேக்கர் ஒருத்தரும் இல்ல. அது மாணவர் சங்கம். மூணு கிரேக்க எழுத்தப் பேரா வச்சுக்குவாங்க, ஒரே வீட்டுல இருப்பாங்க. சகோதரர்கள்னு சொல்லிக்குவாங்க.”

“சேரணும்னா பெரிய பசங்க சொல்றதையெல்லாம் செய்யணும்,” என்றாள் அர்கிரோ. “பாட்டில் காலியாகற வரைக்கும் குடிக்கணும். கட்டையால அடி வாங்கணும். ஒரு அம்மா டிவில பேசினா. பையன் போயி ரெண்டு வருஷமாச்சு, அவன் செருப்ப இன்னும் வாசல்லேர்ந்து எடுக்கலையாம்.”

காரை ஓட்டிக்கொண்டிருந்த பந்தெலிஸ் கண்ணாடியில் மகனை ஒரு தரம் பார்த்தான். பிறகு, “அப்ப மூணு வாரம் நான் சூப் குடிக்காம இருந்தது எதுக்கு?” என்றான்.

அர்கிரோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும். யாக்கோவுக்கும். ஓட்டுகிறவனும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்ததும் காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

“ஆனா எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா,” என்றான் யாக்கோவ், சிரிப்பு அடங்கியதும். “ஒரு கூட்டம் வேணும்ல?”

கல்லூரியில் வெள்ளைத் தூண்கள் வைத்த வீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டு நெற்றியில் இருந்த மூன்று எழுத்துகளைப் பந்தெலிஸ் கூட்டிப் படித்தான். எங்கள் மொழியில் அது ‘சாப்பிடு’ என்று வந்தது.

“என்ன இருந்தாலும் மரியாதை தெரிஞ்ச வீடு,” என்று சொல்லி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனான்.

கூடத்தில், சங்கத்தில் சேர வந்த ஒரு சின்னப் பையன் எரியும் தீக்குச்சியைப் பிடித்தபடி நின்றான். சுடர் விரலைத் தொடுவதற்குள் கிரேக்க எழுத்து இருபத்து நாலையும் சொல்லி முடிக்க வேண்டுமாம். சுற்றிலும் மூத்த மாணவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். “ஆல்ஃபா, பீட்டா...” என்று அவன் திணறினான்.

“பீட்டா இல்லடா, வீட்டா,” என்றான் பந்தெலிஸ். அவனுக்குக் குச்சி கண்ணில் படவில்லை, உச்சரிப்புதான் சுட்டது. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் புதுக் குச்சி ஒன்றைக் கிழித்தான். கலிம்னோஸ் வேகத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். குச்சி கால்வாசி கூட எரியவில்லை. திருப்பி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரைக்கும் சொன்னான். வீடே அதிர்ந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அதற்குள் பாஸ்திட்சியோவில் பாதி போயிருந்தது.

கீழே நின்ற அர்கிரோ, டை கட்டியிருந்த சங்கத் தலைவனைக் கேட்டாள். “தம்பி, தீக்குச்சிக்கு அப்புறம் என்ன?”

“அத வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா.”

“நான் வந்து ஓரமா நின்னு பாக்கலாமா?”

“இல்லைங்கம்மா.” பையன் அவ்வளவு பணிவாகச் சிரித்தான். “அம்மாக்கள் வர்றதில்லைங்கம்மா.”

“ஜனவரில நீதானம்மா என்னைக் குளிர்ல குதிக்க விட்ட,” என்றான் யாக்கோவ். ஆயர் தண்ணீரில் எறியும் சிலுவைக்காக எங்கள் ஊர்ப் பையன்கள் ஆண்டுதோறும் குதிப்பதைச் சொன்னான்.

“விட்டேன். ஆயர் நின்னாரு, படகு நின்னுது, ஊரே கரையில நின்னுது. துண்டோட நான் நின்னேன். மேல வந்த தலை ஒவ்வொண்ணையும் எண்ணினேன், உன்னுது மட்டும் இல்ல, அத்தனை தலையும்.” தலைவனிடம் திரும்பினாள். “இங்க யாருப்பா எண்ணுவாங்க?”

தலைவன் தன் காலணியைப் பார்த்தான். தீக்குச்சிப் பையன் சுட்டுக்கொண்ட விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

பந்தெலிஸ் தோளிலிருந்து இறங்கினான். அந்த விரலை எடுத்துப் பார்த்தான். பிறகு செய்தானே ஒரு காரியம், அதை எங்கள் ஊரில் சொன்னால் இன்றும் நம்ப மாட்டார்கள். கொடுத்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஒருவன் வாயருகே கொண்டுபோன கரண்டியோடு அப்படியே நின்றான்.

“எழுத்து எங்களோடது,” என்றான் பந்தெலிஸ். “வா, யாக்கோவ்.”

யாக்கோவ் ஒரு கணம் நின்றான். பிறகு தகப்பன் கையிலிருந்த தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

தெருக்கோடியில் எழுத்தே இல்லாத ஒரு பழைய வீடு இருந்தது. மாணவர்கள் தாங்களே சமைத்துச் சேர்ந்து தங்கும் வீடு. சன்னல் வழியாகப் பீன்ஸ் தீயும் வாசனை வந்தது. கரண்டியும் கையுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“இங்க சேரணும்னா என்ன செய்யணும்?” என்றாள் அர்கிரோ.

“முதல் ஞாயித்துக்கிழமை முப்பது பேருக்குச் சமைக்கணும். எவ்வளவு கேவலமா இருந்தாலும் நாங்க சாப்பிட்டாகணும். தண்டனை எங்களுக்குத்தான்.”

“நான் வந்து பாக்கலாமா?”

“வாங்களேன். ஆனா வர்றவங்க பாத்திரம் தொடைக்கணும், அம்மாவா இருந்தாலும்.” சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எறிந்தாள். அர்கிரோ அதை அந்தரத்தில் பிடித்தாள்.

ஒரு மணி நேரம் பாத்திரம் துடைத்தாள். மீதிப் பாஸ்திட்சியோ நின்ற நிலையிலேயே தீர்ந்தது. யாக்கோவ் மூன்று பேரோடு சேர்ந்து, அடிப்பிடித்த பீன்ஸைச் சுரண்டியபடி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அர்கிரோ கைப்பையிலிருந்த கல்லூரிப் படிவத்தை எடுத்தாள். ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டாள். மை கொஞ்சம் பரவியது.

கிளம்பும்போது பந்தெலிஸைக் காணவில்லை. தேடினால், முக்காலி மேல் ஏறி நின்று, சமையலறைக் கதவுக்கு மேலே சுண்ணக்கட்டியால் ‘சாப்பிடு’ என்ற அந்த மூன்று எழுத்துகளையும் எழுதிக்கொண்டிருந்தான்.

“இங்கதான் இது பொருந்தும்,” என்றான். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் இரண்டு கிண்ணம் சூப் குடித்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வாசலுக்குள் போனாலும், கண்ணுகளா, அந்த வாசல் உங்களுக்கும் திறந்தே இருக்கட்டும். உள்ளே போன தலைகள் அத்தனையும் உங்கள் சாப்பாட்டு மேசைக்குச் சிரித்துக்கொண்டே திரும்பி வரட்டும்.