ஒரு கண் நீலம்

சிவனணைந்தபெருமாளுக்குப் பட்டாளம் கற்றுக்கொடுத்தது இரண்டு. விடியுமுன் எழுவது, தான் சொல்வதே சரி என்று நம்புவது. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் இரண்டையும் விடவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு முயல் வளர்க்க ஆரம்பித்தார். அதிலும் வெள்ளை முயல்தான். கலர் முயல் என்றால் முகத்தைச் சுளிப்பார். "வெள்ளைன்னா சுத்தம்லா" என்பார், ஏதோ சோப்பு விற்கிறவர் மாதிரி.

அவர் வாய்விட்டுச் சிரிப்பது அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் மட்டும்தான். தையல் மிஷினை வைத்துத் தனியாளாக மகளை வளர்த்தவள். அந்த மகள் கிருபா மூன்று வருடம் முன்பு கடையநல்லூர் யாசரைக் கட்டிக்கொண்டபோது சொந்தக்காரர்களும் சர்ச்காரர்களும் ஒன்றுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருவிலிருந்து போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் பெருமாள். அன்றிலிருந்து தங்கபுஷ்பம் எது சமைத்தாலும் முதல் கிண்ணம் அவர் வீட்டுக்கு வரும்.

அவரிடம் சிவப்புக் கண் வெள்ளைப் பெட்டை ஒன்று இருந்தது. அதற்கு ஜோடியாக, புளியறை தாண்டிக் கேரளத்துப் புனலூர் வரை போய், பெஞ்சமின் என்பவரிடம் நீலக் கண் வெள்ளை ஆண் முயலை வாங்கி வந்தார். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளை. கண் மட்டும் சிலதுக்கு நீலம், சிலதுக்குச் சிவப்பு. அவ்வளவுதான் அவர் கண்ட விஞ்ஞானம். ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் ஜோடி சேர்த்தார். மறுநாளே பழைய பட்டாளத்துக் கூட்டாளிகளோடு குற்றாலம் போய், நாலு நாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த நாலு நாளும் முயல்கூட்டுச் சாவி தங்கபுஷ்பத்திடம் இருந்தது. அவள் வீட்டிலும் ஒரு முயல் உண்டு. கன்னங்கரேல் என்று, ஆண்.

ஒரு மாதத்தில் பெட்டை ஆறு குட்டி போட்டது. ஐந்தாம் நாள் ரோமம் தெரிந்தது. மூன்று கறுப்பு, மூன்று காட்டுமுயல் நிறம். வெள்ளை ஒன்றுகூட இல்லை. பெருமாளுக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே அவள் வாசலில் போய் நின்றார்.

"ஏட்டி, நான் இல்லாத நேரத்துல ஒன் கருப்பனைக் கூட்டுக்குள்ள விட்டியா?"

ஒருநாளும் அவளை ஏட்டி என்று கூப்பிட்டவரில்லை.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? தழையைப் போட்டேன், தண்ணி வச்சேன், பூட்டிட்டு வந்துட்டேன். சத்தியமா வேற ஒண்ணும் தெரியாது."

"வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கருப்பு எப்படிட்டி வரும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய?

"கலப்புங்கது ஒங்க வீட்டுக்குப் புதுசா என்ன? மொதல்ல மவ, இப்ப மொசலு."

குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்து பார்த்தார்கள். தங்கபுஷ்பம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு கிண்ணம் வருவது நின்றது. 'வேணும்னா வரட்டும்' என்று பெருமாளும் வீம்பாக இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் குட்டிகள் கண் திறந்தன. நெற்றியில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு கறுப்புக் குட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கண் கறுப்பு. இன்னொன்று நீலம், அந்த ஆண் முயலின் நீலமேதான். புனலூருக்குப் போன் போட்டார்.

"சேட்டா, குட்டி எல்லாம் அதோடதுதான்" என்று சிரித்தார் பெஞ்சமின். "நிறம் எல்லா முயலுக்குள்ளயும் உண்டு. சிவப்புக் கண் வெள்ளையில ஒரு மூடி போட்டு மறைச்சிருக்கு, கண்ணு வரைக்கும். நீலக் கண் வெள்ளையில வேற மூடி. மூடி நிக்கணும்னா அப்பன், அம்மை ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மூடி இருக்கணும். இங்க ஆளுக்கு ஒண்ணு, ரெண்டும் வேற வேற. அதனால குட்டியில நிறம் வெளிய வந்துட்டது. ஒண்ணு ரெண்டுக்குக் கண்ணு மட்டும் நீலமாகும். ஆரும் ஒரு தப்பும் செய்யல."

பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆதாரம் கையில் கிடைத்தாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"பாரு புஷ்பம், ஒன் மேல தப்பே இல்ல. வெளியிலேருந்து எதுவும் வரல. உள்ளேயே இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல."

அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப மொசல் விஷயம் முடிஞ்சிட்டு."

"முடிஞ்சிட்டு. அன்னைக்குக் கோவத்துல வாயில என்னமோ வந்துட்டு. மனசுல வச்சுக்கிடாத."

மிஷின் நின்றது.

"ஊரே பேசிச்சு அண்ணாச்சி. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நீங்க ஒருத்தரு அப்படி நெனைக்கலன்னு தெம்பா இருந்தேன். கோவத்துல மட்டும் வெளியிலேருந்தா வரும்? உள்ள கெடந்ததுதான் வந்திருக்கு. கையெழுத்துப் போட்ட அன்னைக்கும் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அன்று பதிவு அலுவலகத்தில் பேனாவைக் கையில் வாங்கும்போது, 'நல்லவேளை, இது நம்ம வீட்டுல இல்ல' என்று நினைத்தது ஞாபகம் வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.