மங்கலாக இருக்கவேண்டிய கம்பி

எனக்கு வாயும் நீளம், கையும் சும்மா இருக்காது. வாயால் கெட்டதைவிடக் கையால் கெட்டதுதான் அதிகம்.

உடைந்த தொடை எலும்புக்குள் செருகும் கம்பிக்கு வெள்ளிப் பூச்சு ஏற்றுவது என் வேலை. அந்த வெள்ளி கிருமியை அண்டவிடாது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது கம்பி சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக இருக்கும்; அப்படித்தான் இருக்க வேண்டும். புதிதாக வந்த மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா, பழைய சாமான் மாதிரி இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே தடவையில் பூசி, பூச்சின் கனத்தையும் அளந்து முடித்திருந்த ஒரு லாட் கம்பி முழுவதையும் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தேன். லேசாகத்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கம்பி கண்ணாடியாக மின்னியது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வெட்கங்கெட்டவன், அக்காவிடம் போய்ப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

இரண்டு மாதத்தில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். எங்கள் கம்பெனிக் கம்பியைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான்.

மூன்றாவது வாரம் காலில் சீழ் வைத்தது. மருத்துவமனைக் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். கம்பியின் லாட் எண் ஒட்டியிருந்தது. நான் தேய்த்த லாட்.

"தண்ணி படாம குளிங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாத்தானே?" என்று அக்கா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"லேசா நனைஞ்சிருக்கும்போல" என்று அவர், பாவம், செய்யாத தப்பை ஒப்புக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் மருந்து ஏற்றியும் அடங்கவில்லை. டாக்டர் வந்தார்.

"கம்பியை எடுத்துச் சுத்தம் பண்ணிட்டு வேற போடணும். இதே லாட்ல ஒண்ணு கையிருப்பு இருக்கு."

"தைரியமா போடுங்க டாக்டர். என் தம்பி கையால செஞ்சது" என்றாள் அக்கா.

"போடாதீங்க" என்றேன். "பளபளன்னு தெரியணும்னு பூச்சைத் தேய்ச்சுட்டேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு கம்பிக்குச் சொல்லியனுப்ப ஓடினார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

மாமா கேட்டார்: "அந்த லாட்ல இன்னும் எத்தனை பேருக்குப் போட்டிருக்கு, மாப்ளே?"

"தெரியாது. கம்பெனிக் கணக்குலதான் இருக்கும்."

தலையணைக்கடியிலிருந்து தன் போனை எடுத்து என் கையில் வைத்தார்.