கூட்டேரிப்பட்டில் ஆறாத பாய்லர்

ஆரோக்கியராஜ் கடைசியாகச் செய்த வேலை, கூட்டேரிப்பட்டு ஓட்டலின் பாய்லருக்குப் போகும் கேஸ் வால்வை மூடியது. அன்று காலை மூடிய அந்த பாய்லர் ஒரு வருஷத்துக்கு மேல் ஆறவே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற சுத்தத்துக்காகத்தான் மூடினார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஓட்டலில் இட்லி, சாதம், சாம்பார் எல்லாம் நீராவியில்தான் வெந்தன. நீராவி கொடுத்தது சமையற்கட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நின்ற பாய்லர். கேஸை மூடி, கரண்டை எடுத்து, ஆறும்வரை காத்திருந்து, முன்கதவைக் கழற்றிக் குழாய்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது அவர் வழக்கம். ஆறிவிட்டதா என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகள் கருவி வைத்திருந்தார்கள். ஆரோக்கியராஜ் முன்கதவின் வெறும் இரும்பில் உள்ளங்கையை வைத்து ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வார். ஜெபம் முடியும்வரை கை தாங்கினால் திறக்கலாம். பாதியில் கையை எடுக்க நேர்ந்தால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

அன்று வால்வை மூடியதும் மனைவி ஆரோக்கியசெல்விக்குப் போன் செய்தார். அவள் திண்டிவனத்தில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“மூடிட்டேன். ஆறட்டும். ரோட்டத் தாண்டி ஒரு டீ குடிச்சிட்டு வந்து கழட்டறேன்.”

“வரும்போது இட்லி மாவு வாங்கினு வாய்யா.”

“ஓட்டல்ல கீறவன மாவு வாங்கினு வரச் சொல்ற ஆளு நீ ஒருத்திதான்.”

சாலையைத் தாண்டும்போது சென்னைப் பக்கமிருந்து வந்த கார் அவரை அடித்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. மறுநாள் சாயங்காலம் திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

துக்கம் முடிந்து ஓட்டலைத் திறந்த காலையில், மாஸ்டர் சின்னக்கண்ணு பாய்லர் அறைக்குப் போனார். கேஸ் வால்வு மூடித்தான் இருந்தது. ஆனால் அழுத்தம் காட்டும் முள், காலை டிபன் நேரத்தில் எங்கே நிற்குமோ அங்கேயே நின்றது. நீராவிக் குழாயைத் திறந்து பார்த்தார், வந்தது. ஓர் ஈடு இட்லி வைத்துப் பார்த்தார், வெந்தது. முதலாளி பூவரசன் வந்து வால்வைத் தன் கையாலேயே திருகிப் பார்த்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, “நல்லா வெந்திருக்கா?” என்று கேட்டார்.

“வெந்திருக்குதுங்க.”

“அப்ப ஊத்து.”

அதன்பின் பாய்லருக்குத் தண்ணீர் மட்டும் விட்டார்கள். பூவரசன் கேஸ் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பர்னருக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார். மாலை வேகமாகக் காய்ந்ததால் பூ வாங்குவதை விட்டுவிட்டார். சமையற்கட்டில் அதை ‘அண்ணன் சூடு’ என்று சொல்லிப் பழகினார்கள். “அண்ணன் சூடு இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா கீது, சாம்பார இறக்கு” என்பது அங்கே சாதாரணப் பேச்சாயிற்று.

ஆரோக்கியசெல்வி கணவரின் கருவிப் பையை வாங்கிப்போகத்தான் அங்கே வந்தாள். பை பாய்லரின் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்து நிமிரும்போது பிடிமானத்துக்காக முன்கதவில் கையை ஊன்றினாள். வாசலில் நின்ற சின்னக்கண்ணு பதறி ஓடிவந்தார். அவள் கை சுடவில்லை. மழையில் நனைந்து வந்து, துவட்டிக்கொண்டு பாயில் திரும்பிப் படுக்கிறவரின் முதுகில் இருக்குமே, அந்தச் சூடுதான் அதில் இருந்தது. அவள் பையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று பூவரசனிடம் கேட்டாள்.

தினமும் காலை பஸ்ஸில் வந்தாள். மத்தியானக் கூட்டம் அடங்கிய பிறகு பாய்லர் அறையில் போய் அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஜெபமாலை சொல்கிற அவள், அந்த அறைக்குள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. கை வைத்து ஜெபத்தை முடித்துவிட்டால் ஆறிவிட்டது என்றுதானே அவர் கணக்கு. முடிக்க அவளுக்கு மனமில்லை.

நின்றுபோன சுத்தத்தைச் செய்ய சர்புதீனைக் கூப்பிட்டார்கள். கோட்டக்குப்பத்துக்காரர். ஆரோக்கியராஜோடு சில காலம் வேலை பார்த்துவிட்டு, ஷார்ஜாவில் பெரிய பெரிய ஓட்டல் பாய்லர்களைக் கழற்றி மாட்டித் திரும்பியவர். ஆறட்டும் என்று காத்திருந்தார். மாதங்கள் போயின. “நீ உங்க துவாவ சொல்லிப் பாரேன் பாய்” என்று சின்னக்கண்ணு யோசனை சொன்னார். சர்புதீன் கையை வைத்தார். முதல் வார்த்தை வருவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

வருஷம் திரும்பிக் கொஞ்ச நாளில் பாய்லருக்குள் கூழாங்கற்கள் உருள்வதுபோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சர்புதீன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆரோக்கியசெல்வியிடம் வந்தார்.

“அக்கா, உள்ள உப்பு கட்டிக்கினு கீது. நம்ம ஊரு தண்ணிதான் தெரியுமே. இத்த இப்படியே வுட்டா ஒருநாள் குழாய் வெடிச்சு, மாஸ்டர் மூஞ்சிலதான் அடிக்கும்.”

“ஏற்கெனவே அடிச்ச மாதிரிதான் கீது” என்றார் உள்ளிருந்து சின்னக்கண்ணு.

சர்புதீன் சிரிக்கவில்லை. “கழட்ட முடியலன்னா அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு மொதலாளி சொல்றாரு. மெய்தான், எனக்கும் வேற வழி தெரியல.”

அவள் கையில் இருந்த சாம்பார் வாளியைத் தேய்த்து முடித்தாள். “அவரு இருந்தா இந்தச் சத்தத்தோட ஓட வுட்டிருப்பாரா?”

“என்னச் செருப்பால அடிச்சிருப்பாரு.”

அவள் சோப்பு நுரையைக் கழுவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்பது சர்புதீனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவள் கை சுடாது என்பது ஓட்டலில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செய்யச் சொல்லி அவர் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தாள். ஆமென் சொல்லும்போது இரும்பு மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. அழுத்தமுள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் போய் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினாள்.

சர்புதீன் அன்றே கதவைக் கழற்றினார். குழாய்களில் இருந்த பழைய கரியைத் தேய்த்து எடுத்தார். மருந்து கலந்த தண்ணீரைச் சுழல விட்டுச் செதில் செதிலாக உப்பைக் கரைத்தார். பர்னரின் துளைகளைக் குத்திவிட்டு, கேஸ்கெட் மாற்றி, சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்தார். சிலிண்டர்கள் திரும்பி வந்தன. பற்றவைத்தபோது சுடர் சுத்தமான நீலத்தில் நின்றது. சத்தம் இல்லை. ஆரோக்கியசெல்வி அந்த மாதத்தோடு வேலையை விட்டு, மல்லாட்டை மண்டிக்கே திரும்பினாள். வீட்டில் அவர் படுக்கும் பக்கத்தில் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வருஷம் சர்புதீன் சுத்தத்துக்காக கேஸை மூடினார். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மண்டிக்குப் போன் வந்தது.

“அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா. ஆற மாட்டேங்குது.”

அவள் வேறு புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஓட்டல் கை மாறியது. பூவரசன் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பர்னர் புதிது, குழாய்கள் புதிது, முன்கதவும்கூடத் துருப்பிடித்து மாற்றியதுதான். சர்புதீனுக்கு மூட்டுவலி வந்து, இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை வாங்குகிறார். புதிதாக வரும் ஆட்களிடம், “மொதல்ல கேஸ மூடு. அப்பறம் கரண்ட்ட எடு. அப்பறம் திண்டிவனத்து அக்காவுக்குப் போன் போடு” என்கிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் அவள் வருகிறாள், கொடுத்த டீயைக் குடிக்கிறாள், உள்ளே போய்க் கதவில் கை வைக்கிறாள். பிரஷ்களோடு ஆட்கள் வெளியே வெயிலில் நிற்கிறார்கள்.

ஜெபத்தை அவள் மெதுவாகத்தான் சொல்கிறாள்.